விரல் மடக்கும் தசையின் பலம் பார்ப்பது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கை வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையை வைத்துப் பிழைப்பவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்பவர்கள், அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறி ஓட்டுபவர்கள், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு சீவும் பெண்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் காபித் தோட்டத்துக்காரர்கள். ஒரு விரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழுத்திப் பிடித்துக்கொண்டு “இப்ப மடக்குங்க” என்றதும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்களும் அதையேதான் கொஞ்சம் வேறு சொற்களில் கேட்கிறார்கள். கேட்டவர்கள் சொன்னபடியே தொகுத்திருக்கிறேன். புதிதாக வெட்டுக்காயம் பட்டவர்கள் வேறெதையும் படிக்கும் முன் அருவாமனைக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

விரல்தான் சரியா மடங்கல. நீங்க எதுக்கு முழங்கைகிட்ட அமுக்கிப் பாக்கறீங்க?

விரலுக்குள் மடக்குகிற தசை கிடையாது. எலும்பு, மூட்டு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல், இவ்வளவுதான். மடக்கும் வேலையின் பெரும்பங்கைச் செய்யும் சதை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நீளமான நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை வழியாக விரலுக்குப் போகின்றன. வலது முன்கையின் உள்பக்கத்தை, முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, இடது கையால் பிடித்துக்கொண்டு வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். உள்ளே புரள்வது தெரியும்.

இங்கே பேசப்போகும் தசையின் முழுப்பெயர் ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் சூப்பர்ஃபிஷியாலிஸ். மாணவர்கள் எஃப்.டி.எஸ். என்பார்கள். முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையிலும், அதற்குக் கீழே முன்கையின் இரண்டு எலும்புகளிலும் தொடங்கி, கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரல்களுக்கும் போகிறது. இனி இதை மேல் தசை என்றே சொல்கிறேன்.

மேல் தசைன்னா அப்ப கீழ ஒண்ணு இருக்கா?

இருக்கிறது. அடியில் இருப்பது ப்ரொஃபண்டஸ், அதாவது ஆழ் தசை. விரலில் மூன்று மூட்டுகள் உண்டு: உள்ளங்கையை ஒட்டிய அடி மூட்டு, நடு மூட்டு, நகத்தை ஒட்டிய நுனி மூட்டு. மேல் தசையின் நாண் விரலின் நடு எலும்பில் போய் ஒட்டுகிறது. அதனால் நடு மூட்டை மடக்கும், நுனி மூட்டில் அதற்கு வேலையில்லை. ஆழ் தசையின் நாண் நுனி எலும்பு வரைக்கும் போகிறது. அது போய்ச் சேர வழிவிட்டு மேல் நாண் விரலின் அடியில் இரண்டாகப் பிளக்கிறது. கால் விரல்களிலும் இதே ஏற்பாடுதான்.

சிக்கல் என்னவென்றால், ஆழ் நாண் நடு மூட்டையும் கடந்துதான் நுனிக்குப் போகிறது. ஆகவே அது இழுத்தால் நுனி மூட்டோடு நடு மூட்டும் மடங்கும். விரல் மடங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு மேல் தசை வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாமல் போவது இதனால்தான்.

சரி, டெஸ்ட்டை எப்படித்தான் செய்வீங்க?

உட்காரவைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்கையை மேசை மேல் வைப்போம். மணிக்கட்டு முன்னால் மடங்காமலும் பின்னால் சாயாமலும் நேராக இருக்க வேண்டும். பார்க்கப்போவது மோதிர விரல் என்றால் மற்ற மூன்று விரல்களையும், எல்லா மூட்டுகளும் நீண்டிருக்கும்படி, மேசையோடு அழுத்திப் பிடிப்போம். பிறகு மோதிர விரலின் நடு மூட்டை மட்டும் மடக்கச் சொல்வோம். அடி மூட்டு சற்றே மடங்கினால் பரவாயில்லை.

மடங்கியதும் முதலில் அந்த விரலின் நுனியை லேசாகத் தட்டிப் பார்ப்பேன். நுனி மூட்டு தொளதொளவென்று ஆட வேண்டும். விறைத்திருந்தால் ஆழ் தசை சத்தமில்லாமல் உதவிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். பிடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

நுனி ஆடுகிறது என்றால் அடுத்தது எதிர்ப்பு. நடு எலும்பின் முன்முனையில் என் விரலை வைத்து நீட்டும் திசையில் மெதுவாக அழுத்தம் கூட்டுவேன். அவர் விட்டுக்கொடுக்காமல் மடக்கிப் பிடிக்க வேண்டும். மாணவர்கள் அடிக்கடி நுனி எலும்பில் கையை வைத்து அழுத்துவார்கள். அங்கே அழுத்தினால் ஆழ் தசையை நாமே வேலைக்குக் கூப்பிட்டது போலாகும்.

மத்த மூணு விரலை ஏக்கா இவ்வளவு கெட்டியா பிடிக்கறீங்க? வலிக்குதுங்க்கா.

டெஸ்ட் என்பதே அந்தப் பிடிதான். நடு, மோதிர, சுண்டு விரல்களுக்குப் போகும் ஆழ் நாண்கள் பெரும்பாலானவர்களுக்கு ஒரே சதைத் திரளிலிருந்து கிளம்புகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, ஒன்றை நகரவிடாமல் நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும். மேல் தசை அப்படியில்லை. பெரும்பாலும் விரலுக்கு விரல் தனிச் சதை இருப்பதால், மற்ற விரல்களைக் கட்டிப்போட்டாலும் ஒன்று தனியாக இழுக்கும்.

நீங்களே செய்து பார்க்கலாம். இடது கையை மேசையில் மல்லாத்தி, நடு விரலையும் சுண்டு விரலையும் வலது கையால் அழுத்திக்கொண்டு மோதிர விரலை மடக்குங்கள். நடு மூட்டு மடங்கும், நுனி செத்துக் கிடக்கும். அதே பிடியில் நுனியை மட்டும் மடக்க எவ்வளவு முக்கினாலும் வராது. அந்தப் பிடி தளர்ந்தால் ஆழ் தசை உள்ளே புகுந்துவிடும், அப்புறம் நான் எழுதும் எண் யாருடைய பலத்தைச் சொல்கிறது என்று எனக்கே தெரியாது. எவ்வளவு பலம் என்பது இரண்டாவது கேள்விதான். எந்தத் தசையின் பலம் என்பது முதல் கேள்வி.

ரிப்போர்ட்ல 4/5-னு போட்டிருக்கீங்க. 80 மார்க்தானே, நல்லாத்தானே இருக்கு?

மார்க் இல்லை. 1943-ல், உலகப்போர் சமயத்தில், நரம்புக் காயம் பட்டவர்களைப் பரிசோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட வரிசை அது. 0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் அசைவு இல்லை, ஆனால் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டால் நாண் துடிப்பது தெரிகிறது. 5 என்றால் இயல்பு. கை கால் போன்ற பெரிய உறுப்புகளில் 2-க்கும் 3-க்கும் நடுவே புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். விரல் அவ்வளவு எடை இல்லாத பொருள். அதனால் நடைமுறையில் பாதி தூரம் மடங்கினால் 2, எதிர்ப்பு இல்லாமல் முழுத்தூரம் மடங்கினால் 3 என்று வைத்துக்கொள்கிறோம்.

எனக்கு மனத்தாங்கல் உள்ள எண் 4. லேசான அழுத்தத்துக்கே தோற்றுப்போகும் விரலும் 4தான், இன்னொரு கைக்குக் கொஞ்சம்தான் குறைவு என்ற விரலும் 4தான். சிலர் கூட்டல், கழித்தல் குறி போட்டுச் சமாளிப்பார்கள். நான் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுவேன்: எந்த விரல், எவ்வளவு அழுத்தத்தில் விட்டது, வலித்ததா, மறுகையோடு ஒப்பிட்டால் எப்படி. கொலுசுக்குக் குறடு பிடிக்கிறவருக்கு அந்த வரிதான் உபயோகம்.

எவ்வளவு அழுத்தணும்னு எப்படித் தெரியும் மேடம்? என் கைக்கும் உங்க கைக்கும் வித்தியாசம் இருக்குமே?

மாணவர்கள் கேட்பதில் எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் நல்ல கையைப் பாருங்கள், அதுதான் அந்த ஆளுக்கான அளவுகோல். முப்பது வருடம் தறி ஓட்டியவரின் மோதிர விரலும் கணினி முன்னால் உட்காருகிறவரின் மோதிர விரலும் ஒரே அழுத்தத்தில் விட்டுக்கொடுக்காது. இரண்டுமே இயல்பாக இருக்கலாம்.

ஒரு விரலுக்கு எதிராக ஒரு விரல்தான். தோளிலிருந்து பலத்தை இறக்கி அழுத்தினால் யாருடைய விரலும் தோற்கும். அழுத்தத்தை வெடுக்கென்று கொடுக்காமல் இரண்டு மூன்று விநாடியில் கூட்டுங்கள். இரண்டு கையுமே பாதிக்கப்பட்டிருந்தால் அதே உடல்வாகும் தொழிலும் உள்ள ஆட்களைப் பார்த்த அனுபவம்தான் கைகொடுக்கும். அது வர நாளாகும்.

கையில பிடிச்சு அமுக்கற மீட்டர் இருக்கே, கிலோ கணக்குல காட்டுமே. அது போதாதா?

ஜாமர் டைனமோமீட்டரைச் சொல்கிறீர்கள். நல்ல கருவி, நானும் வைத்திருக்கிறேன். தோள் உடம்போடு ஒட்டி, முழங்கை 90 பாகை மடங்கி, கைப்பிடி இரண்டாவது நிலையில், மூன்று முறை அமுக்கவைத்து சராசரி எடுப்பது வழக்கம். முதியவர்களின் தசை நலிவைக் கண்டுபிடிக்க ஆசிய நிபுணர் குழு 2019-ல் சொன்ன எல்லையும் பிடிப்பலத்தை வைத்துத்தான்: ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு.

ஆனால் அந்த முள் காட்டுவது கூட்டுத்தொகை. மேல் தசை, ஆழ் தசை, உள்ளங்கைச் சிறு தசைகள், கட்டை விரல், மணிக்கட்டைப் பின்னால் தாங்கும் தசைகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு விரலின் மேல் நாண் முழுசாக அறுந்திருந்தாலும் மற்றவை சேர்ந்து மீட்டரை நல்ல எண்ணுக்குக் கொண்டுபோய்விடும். மாதாமாதம் முன்னேற்றம் பார்க்க மீட்டர், எது கெட்டது என்று பார்க்க விரல்.

சுண்டு விரல் மட்டும் தனியா மடங்க மாட்டேங்குது. நரம்பு போயிடுச்சா?

மறுகையில் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சுண்டு விரலுக்குப் போகும் மேல் தசை பலருக்கு மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது, இன்னும் பலருக்கு மோதிர விரலின் தசையோடு ஒட்டியிருக்கும். பிறவியிலேயே அப்படி. ஆழ் தசை அந்த விரலைக் கவனித்துக்கொள்வதால் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

ஒட்டியிருக்கிறதா இல்லவே இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆள்காட்டி, நடு விரல்களை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து மடக்கச் சொல்லுங்கள். இப்போது சுண்டு விரலின் நடு மூட்டு நுனி தொளதொளப்போடு மடங்கினால் தசை இருக்கிறது, மோதிர விரலின் தயவில் இருக்கிறது. ஒரு கையில் மடங்கி இன்னொரு கையில் மடங்காமல், அதுவும் காயத்துக்குப் பிறகு என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

ஆள்காட்டி விரல்ல நுனி தொளதொளன்னு ஆகவே மாட்டேங்குது மேடம். என் பிடி தப்பா?

பிடி தப்பில்லை. நாலாவது கேள்வியில் சொன்ன நுகம் மூன்று விரலுக்குத்தான். ஆள்காட்டி விரலுக்கு ஆழ் தசை பெரும்பாலும் தனியாகவே இருக்கும். மற்ற மூன்றையும் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது சுதந்திரமாக நுழையும். ஆகவே வழக்கமான டெஸ்ட்டை இங்கே நம்பக் கூடாது.

பதிலாக ஒரு தாளைக் கொடுங்கள். கட்டை விரலின் சதைப்பகுதிக்கும் ஆள்காட்டி விரலின் சதைப்பகுதிக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, தாளை இழுங்கள். மேல் தசை நன்றாக இருந்தால் நடு மூட்டு மடங்கி, நுனி மூட்டு பின்பக்கம் சாய்ந்து, சதை தட்டையாகத் தாளில் பதியும். மேல் தசை போயிருந்தால் ஆழ் தசையை வைத்தே பிடிக்க வேண்டியிருக்கும், நுனி மூட்டு கொக்கி போட்டுக்கொள்ளும். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பையன் கபடியில எதிராளி பனியனைப் பிடிச்சான். மோதிர விரல் நுனி மட்டும் மடங்கல. சுளுக்குதானே?

அநேகமாக இல்லை. இறுக்கிப் பிடித்த துணி வெடுக்கென்று இழுபடும்போது ஆழ் நாண் நுனி எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போவது தெரிந்த காயம். அதிகம் மாட்டுவது மோதிர விரல். நடு மூட்டு மடங்குவதால் வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் தடவி நாளைக் கடத்துவார்கள்.

இதற்கு டெஸ்ட் தலைகீழ். நடு மூட்டு மடங்காதபடி நடு எலும்பை நான் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்வேன். துளிகூட அசையவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே, அன்றைக்கே அறுவை மருத்துவர். நாண் சுருங்கி உள்ளங்கை வரை போயிருந்தால் ஒரு வாரம், பத்து நாளுக்குள் திரும்பப் பொருத்துவதுதான் நல்லது. உருவிவிடுவதோ இழுத்துப் பார்ப்பதோ வேண்டாம்.

அருவாமனை ஆழமா கீறிடுச்சு. ஆனா விரல் நல்லா மடங்குது. உள்ள எதுவும் அறுபடலைன்னுதானே அர்த்தம்?

இல்லை. இரண்டாவது பதிலை நினைத்துப் பாருங்கள். மேல் நாண் முழுசாக அறுந்து ஆழ் நாண் மட்டும் மிஞ்சியிருந்தாலும் விரல் அழகாக மடங்கும். நாண் பாதி அறுந்து மீதி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மடங்கும். அந்த மீதி, ஒரு குடத்தைத் தூக்கும்போது பட்டென்று போகலாம். கிழங்கு சீவும் கத்தி, பலாப்பழம் வெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் இதுவே. வெளியே தையல் போடும் அளவுக்குச் சின்னதாகத் தெரியும் காயத்தின் அடியில் நாண், நரம்பு இரண்டும் அறுந்திருக்கலாம்.

வீட்டில் பார்க்கக் கூடியது இரண்டுதான். கையைத் தளர்வாக மல்லாத்தி வைத்தால் விரல்கள் தாமாகவே ஆள்காட்டியிலிருந்து சுண்டு விரல் நோக்கிப் படிப்படியாக அதிகம் மடங்கிக் கிடக்கும். ஒன்று மட்டும் அந்த வரிசையைவிட்டு நீண்டு கிடந்தால் சந்தேகம். அடுத்தது, காயத்துக்கு அப்பால் விரலின் இரு ஓரமும் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்பது. எதிர்த்து அழுத்தி பலம் பார்க்கவே பார்க்காதீர்கள். சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கை அறுவை சிகிச்சையோ பிளாஸ்டிக் சர்ஜரியோ தெரிந்த மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மடங்குகிறது, ஆனால் எதிர்ப்புக் கொடுத்தால் அந்த இடத்தில் சுரீரென்கிறது என்பது பாதி அறுந்ததன் அடையாளம். அதைக்கூட அங்கே இருப்பவர்கள் மிக லேசாகத்தான் பார்ப்பார்கள்.

நாண் தைச்சு ஆறு வாரம் ஆச்சு. இப்ப பலம் பார்த்துச் சொல்லுங்களேன்.

மாட்டேன். மடக்கச் சொல்வேன், எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பேன். எதிர்த்து அழுத்த மாட்டேன். தைத்த நாண் முழுப் பலத்துக்கு வரப் பொதுவாக 12 வாரம் ஆகும். அதற்குள் “எவ்வளவு தாங்குது பாப்போம்” என்று யாராவது அழுத்தினால் தையல் விட்டுப்போகும், இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கஷ்டம். எப்போது எதிர்ப்புக் கொடுக்கலாம் என்பதைத் தைத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே என்ன நிலையில் இருந்தது என்று பார்த்தவர் அவர்தான்.

ஏற்காட்டுல காலைல விரலே வரமாட்டேங்குது, கீழ வந்தா சரியாயிடுது. வியாதியா?

குளிரில் தசை மெதுவாகத்தான் வேலை செய்யும், பலமும் குறையும். மலையிலிருந்து பைக்கில் வந்தவர்களைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பார்க்கிறேன். சூட்டிலும் அப்படியே இருந்தால், அல்லது குளிரில் விரல் வெளுத்து நீலம் பாய்ந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மடக்கினா டக்குனு மாட்டிக்குது, இன்னொரு கையால இழுத்துத்தான் நீட்டறேன். பலம் குறைஞ்சதாலயா?

அது பலம் சம்பந்தப்பட்டதில்லை. உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் நாண் நுழையும் வளையம் தடித்துப்போய் நாண் சிக்குகிறது. டிரிகர் ஃபிங்கர் என்பார்கள், சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு அதிகம் வரும். சிக்கல் தீராமல் பலம் பார்த்தால் எண் தப்பாகத்தான் வரும்.

மணிக்கட்டை மடிச்சு வெச்சா பிடியே இல்லாம போகுதே, ஏன்?

இந்தத் தசை முழங்கைக்கு மேலிருந்து விரல் வரை பல மூட்டுகளைக் கடக்கிறது. மணிக்கட்டை மடித்தாலே அதன் நீளத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், இழுக்க மிச்சம் இருக்காது. கூடவே விரலை நீட்டும் நாண்கள் புறங்கையில் இறுகி எதிர்க்கும். மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் பிடி பலமாகிறது. திருப்புளி முடுக்கும்போது கை தானாகவே அப்படிப் போவதைக் கவனியுங்கள்.

மாணவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை. மடக்கும் தசை செத்திருந்தாலும் மணிக்கட்டைப் பின்னால் தூக்கினால் நாண் இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். நோயாளி ஏமாற்றுவதில்லை, உடம்பு குறுக்குவழி கண்டுபிடிக்கிறது. மணிக்கட்டை அசையவிடாமல் பிடிப்பது அதற்காகத்தான்.

முழங்கை உள்பக்கம் வலி. விரல் டெஸ்ட் பண்ணினா அங்கதான் வலிக்குது. தசை கிழிஞ்சிருக்கா?

மேல் தசை தொடங்கும் எலும்பு முனையே அது. கவாத்துக் கத்தரியை நாள் முழுக்க அமுக்குகிறவர்கள், குறடு பிடிக்கிறவர்கள், ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கிளட்சைப் பிடித்தபடி ஏறி இறங்குகிறவர்கள் இந்த வலியோடு வருவார்கள். பலம் சரியாக இருந்து வலி மட்டும் இருந்தால் பெரும்பாலும் நாண் தொடங்கும் இடத்தின் உபத்திரவம், ஓய்வும் படிப்படியான பயிற்சியும் கேட்கும். வலியே இல்லாமல் பலம் மட்டும் போயிருந்தால் எனக்குக் கவலை அதிகம், அது நரம்பாகவோ முழுசாக அறுந்த நாணாகவோ இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருந்தால் வலிக்குப் பயந்து கை விட்டுக்கொடுக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் வரை நான் எண் போடுவதில்லை.

கார்ப்பல் டனல்னு சொல்லிட்டாங்க. கொலுசு கையை விட்டு நழுவுது. இந்தத் தசைதான் போயிடுச்சா?

இல்லை. மேல் தசைக்கு உயிர் கொடுப்பது மீடியன் நரம்பு, முன்கையின் நடுவாக இறங்கி உள்ளங்கைக்குப் போவது. ஆனால் அதற்கான கிளைகள் முன்கையிலேயே, மணிக்கட்டுக்கு வெகு முன்னதாகவே பிரிந்துவிடுகின்றன. கார்ப்பல் டனல் மணிக்கட்டில் இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் நரம்போடு ஒன்பது நாண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன, நம் மேல் நாண்கள் நான்கும் அதில் உண்டு: நடு, மோதிர விரல் நாண்கள் மேலே, ஆள்காட்டி, சுண்டு விரல் நாண்கள் கீழே. அவை நரம்போடு இடத்தைப் பங்குபோடுகின்றன, ஆனால் அங்கே நரம்பு நசுங்கினால் அவற்றின் பலம் குறையாது.

கொலுசு நழுவுவது விரல் நுனி மரத்துப்போவதாலும், கட்டை விரலின் அடிச்சதை நலிவதாலும். இதை நாங்கள் துப்பாகவே பயன்படுத்துகிறோம். கட்டை விரல் பலவீனம், ஆனால் மேல் தசை 5 என்றால் கோளாறு மணிக்கட்டுப் பக்கம். மேல் தசையும் பலவீனம் என்றால் மேலே, முழங்கைப் பக்கமோ கழுத்திலோ தேட வேண்டும்.

மாமரத்துல இருந்து விழுந்து முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சுது. குழந்தைக்கு எல்லா விரலும் அசையுது, ஆனா வட்டம் போட வரல.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடச் சொன்னால் நுனி மூட்டுகள் நீண்டு தட்டையாக நிற்கிறதா? இந்த முறிவில் அதிகம் அடிபடும் நரம்பு மீடியன் நரம்பின் ஒரு கிளை, ஆன்டீரியர் இன்டர்ஆசியஸ் என்பது. அது கட்டை விரல் நுனியையும், ஆள்காட்டி, நடு விரல்களின் ஆழ் தசையையும் பார்த்துக்கொள்கிறது. மேல் தசைக்கு மீடியன் நரம்பிலிருந்தே நேராகக் கிளை போவதால் மேல் தசை டெஸ்ட் நன்றாகவே வரும். தோல் உணர்வும் கெடாது, அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே திரும்பி வந்துவிடும்.

அதேபோல மோதிர, சுண்டு விரல்களின் ஆழ் தசைக்கு அல்நார் நரம்பு, முழங்கையின் உள்பக்கமாகச் சுண்டு விரல் பக்கம் இறங்குவது. ஆகவே எந்த விரலின் எந்த மூட்டு வரவில்லை என்பதை வரிசையாக எழுதினால், நரம்பு எந்த இடத்தில் அடிபட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்லா விரலும் உள்ளங்கைச் சிறு தசைகளும் சேர்ந்து தளர்ந்து, கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தெலும்பின் கீழ்ப்பகுதி நரம்பு வேர்களைச் சந்தேகிப்போம்.

அப்பாவுக்குத் தொழுநோயால சுண்டு, மோதிர விரல் வளைஞ்சு போச்சு. நல்லா இருக்கற தசையை எடுத்து வேற இடத்துல வைக்கப் போறாங்களாம். இருக்கற பலமும் போயிடாதா?

நியாயமான பயம். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு இந்த வகை அறுவையைத் தொடங்கினார். ஒரு விரலின் மேல் நாணை எடுத்து, பட்டைகளாகப் பிரித்து, வளைந்த விரல்களின் சிறு தசைகளுக்குப் பதிலாகப் பொருத்துவது அதில் ஒரு முறை. எடுத்த விரலை ஆழ் தசை மடக்கிக்கொள்ளும். இரண்டு தசை இருப்பதால் ஒன்றைக் கடன் கொடுக்க முடிகிறது.

அதனால்தான் அறுவைக்கு முன்பு எங்களிடம் அனுப்புகிறார்கள். எடுக்கப்போகும் தசை இடம் மாறினால் பொதுவாக ஒரு படி பலம் குறையும் என்பதால் 4-க்குக் கீழே இருந்தால் எடுத்துப் பயனில்லை. அதைவிட முக்கியம், எடுக்கப்படும் விரலின் ஆழ் தசை நன்றாக இருக்க வேண்டும். அல்நார் நரம்பு முழங்கைக்கு மேலேயே செத்திருந்தால் மோதிர, சுண்டு விரல்களின் ஆழ் தசையும் செத்திருக்கும். அங்கே மேல் நாணையும் எடுத்துவிட்டால் அந்த விரலை மடக்க ஆளே இல்லை. விசித்திரம் என்னவென்றால், நரம்பு மேலே அடிபட்ட இந்தக் கைகளில் வளைவு குறைவாகத்தான் தெரியும், இழுத்து வளைக்கும் ஆழ் தசையும் இல்லாததால். பார்வைக்கு நல்ல கை, உள்ளே மோசமான கை. மேல் தசை, ஆழ் தசை இரண்டையும் விரல் விரலாகத் தனித்தனியே பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பந்து வாங்கி தினமும் அமுக்கறேன். இந்தத் தசைக்கு அது போதுமா?

பந்தை அமுக்கும்போது மீட்டருக்குச் சொன்ன அதே கதைதான், எல்லாம் சேர்ந்து அமுக்கும். ஏற்கெனவே பலமாக இருக்கும் தசை வேலையை எடுத்துக்கொள்ளும், சோம்பிக் கிடப்பது சோம்பியே கிடக்கும். புதிய தையலோ காயமோ இல்லை, மருத்துவர் சரி என்று சொல்லியிருக்கிறார் என்றால் இப்படிச் செய்யுங்கள்: அடி மூட்டு மடங்காதபடி விரலின் அடி எலும்பை மறுகையால் பிடித்துக்கொண்டு, நுனியைத் தளர விட்டு, நடு மூட்டை மட்டும் மெதுவாக மடக்கி, கொஞ்சம் நிறுத்தி, நீட்டுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் பத்து முறை போல, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. நுனி விறைக்கத் தொடங்கினால் தசை களைத்துவிட்டது, ஆழ் தசை உள்ளே வந்துவிட்டது. அந்த வேளைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முழுத்தூரம் சுலபமாக வந்த பிறகு, நடு எலும்பின் மேல் மறுகையின் ஒரு விரலால் லேசான எதிர்ப்பு. பந்து அதற்கப்புறம்.